தாளம் தப்பிய பத்து நிமிஷம்

டைப் அடிக்கிற சத்தத்தைக் கேட்டே அடிப்பவர் யார் என்று சொல்லிவிடுவேன் என ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். வெறும் பெருமை இல்லை, நிஜமாகவே முடியும். ஒருத்தருக்குச் சுண்டுவிரலில் பலம் இருக்காது, அந்த விரலுக்குரிய எழுத்து மட்டும் அமுங்கிக் கேட்கும். இன்னொருத்தர் வரி முடிந்ததும் உருளையைத் தள்ளுகிற வேகத்திலேயே வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கையெழுத்து மாதிரி இதுவும் ஆளுக்கு ஆள் வேறு. இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஒரு சிநேகிதத்தைக் கெடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் வெளிக்காட்டு வேலைக்குப் போகாமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பக்கத்து டவுன் சுங்கைப் பட்டாணியில் இருந்த டைப்பிங் கிளாஸ். எழுபதுகளின் நடுவில் அது. ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் இருபது மிஷின்களைப் போட்டு நடத்தினார்கள். எழுத்துகளைப் பார்க்க முடியாதபடி கைகளுக்கு மேல் ஒரு கறுப்புத் துணி கட்டியிருக்கும். மாஸ்டர் கையில் ரோத்தான் பிரம்பு. யாரையும் அடிக்க இல்லை, மேசையில் தட்டத்தான். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. அவர் ஒரு கையில் பேப்பர் படித்துக்கொண்டே இன்னொரு கையால் தட்டிக்கொண்டிருப்பார், நாங்கள் இருபது பேரும் ஒரே நேரத்தில் 'டக்' என்று அடிப்போம். யாராவது அரை நொடி பிந்தினால் அந்த ஒற்றைச் சத்தம் தனியாகக் கேட்கும். அடித்தவளுக்கு மானம் போகும்.

எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. வீட்டில் ஏழு பேர், நான் கடைசி. நான் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள், அதனால் பேசாமலிருந்து பழகியிருந்தேன். அந்த மாடியில் மட்டும் நானும் ஒரு கூட்டத்தில் சேர்த்தி என்று தோன்றியது. மற்றப் பெண்கள் சர்டிபிகேட்டுக்காக வந்தார்கள். நான் சத்தத்துக்காகப் போனேன். எந்த மிஷின் கனமாகப் பேசும், எது கரகரக்கும், எதில் மணி தெளிவாக விழும் என்று எல்லாம் அத்துப்படி. ஜன்னலோரம் இருந்த பழைய மிஷினுக்காகவே ஒரு பஸ் முன்னால் கிளம்பிப் போவேன். இதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்பதால் சொன்னதில்லை.

பிறகு குருண் என்ற ஊரில் வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் வாளி, கூடை, குவளை செய்கிற தொழிற்சாலை. அதற்குள் அப்பா தவறிவிட்டார். தோட்டத்தில் லயத்து வீட்டைத் திருப்பிக் கேட்டார்கள். அம்மா அண்ணனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். நான் ஒரு சீனத்து அம்மாவின் வீட்டு மேல்மாடியில் அறை எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்குக் காது மந்தம், எனக்குச் சீனம் தெரியாது. சந்தித்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸை விட்டு வந்தால் திங்கள் காலைவரை நான் வாயைத் திறக்கத் தேவையே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் வெறும் மேசையில் விரல்களால் தட்டிக்கொண்டிருப்பேன். தனியாக இருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை எப்போது வரும் என்று மட்டும் இருக்கும்.

திங்கட்கிழமைக்கு அப்படி ஆசைப்பட்டதற்குக் காரணம் நான் அக்கா என்று கூப்பிட்டவர். ஆபீஸில் டைப் அடிக்க இரண்டு பேர், அவர் ஒருவர், நான் ஒருத்தி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். சுங்கைப் பட்டாணிக்காரர், கோயிலுக்குத் தவறாமல் போகிற கத்தோலிக்கக் குடும்பம், கணவர் லோரி ஓட்டுபவர், இரண்டு பிள்ளைகள். தினமும் பஸ்ஸில் வந்து போவார். முதல் நாள் என்னைப் பார்த்து, "பசியாறிட்டியா?" என்று கேட்டதோடு சரி, அவர் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் காகிதத்தை மாட்டிவிட்டு அவர் அடிப்பதைக் கேட்டேன். பத்து வார்த்தைக்குள் புரிந்துவிட்டது. அது அந்த ரோத்தான் தாளம். அவரும் அதே தையல்கடை மாடியில்தான், எனக்கு முன்னால் எப்போதோ, கற்றிருக்கிறார்.

நான் அடிக்கத் தொடங்கினேன். அரைமணி நேரத்தில் எங்கள் இரண்டு பேர் கையும் சேர்ந்துவிட்டது. நான் மலாயில் பில் அனுப்புகிற கடிதம் அடிப்பேன், அவர் இங்கிலீஷில் வேறு ஏதோ அடிப்பார். எழுத்து வேறு, சத்தம் ஒன்று. ஒரே இடத்தில் பழகிய கைகள் அப்படித்தான், பக்கத்தில் கேட்கிற தாளத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அடிப்பவரால் அதைத் தடுக்க முடியாது. அன்று மத்தியானம் அவர் மிஷினைவிட்டு நிமிர்ந்து, "நீயும் அங்கதான் படிச்சியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டானது. இரண்டு பேரும் ஒட்டி அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் திடீரென்று தாளத்தை மாற்றுவார். ஒரு மயிரிழை தாமதித்து, உடனே இரண்டு எழுத்தைச் சடசடவென்று அடித்துவிடுவார். மற்றவர் கை அந்தத் தாளத்தைத் தேடிப்போய்த் தடுக்கி விழும். இரண்டு எழுத்துக் கம்பிகள் ஒன்றாக எழும்பிக் 'கர்ரக்' என்று பின்னிக்கொள்ளும். உடனே சிரிப்பு. கம்பியைப் பிரித்துவிட்ட விரலில் மசி ஒட்டும். மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார், இரண்டு பொம்பளைகள் குனிந்து வேலை செய்வது மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது அப்படி விளையாடுவோம். அவசரக் கடிதம் அடிக்கும்போது செய்யக்கூடாது என்று பேசாமலே ஒரு சட்டம் இருந்தது.

மத்தியானச் சாப்பாடு ஸ்டோருக்குப் பின்னால், ஒடுக்கு விழுந்து தள்ளிவைத்த வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து. அக்கா கொண்டுவருகிற சம்பால் நெத்திலியில் எனக்கும் பங்கு உண்டு. அதிகம் பேசமாட்டோம். காலையிலிருந்து நான்கு மணி நேரம் பேசியாகிவிட்டது மாதிரி இருக்கும்.

இப்படி ஐந்தாறு வருஷம். எண்பதுகளின் தொடக்கம் தாண்டியபிறகு ஒருநாள் பினாங்கிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார், டை கட்டிக்கொண்டு. ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதாக மேனேஜர் முடிவெடுத்திருந்தார். டெலிவிஷன் பெட்டி மாதிரி ஒன்று, அதற்கு முன்னால் கனமான ஒரு கீபோர்டு. "அடிச்சுப் பாருங்க" என்று அந்த ஆள் எங்களைக் கூப்பிட்டார். நான்தான் முதலில் விரல் வைத்தேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷம் கழித்தும் யோசிக்கிறேன். டைப்ரைட்டரின் 'டக்' காகிதத்தில் போய் விழுகிற சத்தம், விரலைவிட்டுத் தூரத்தில் கேட்பது. இது விரலுக்குக் கீழேயே கேட்டது. எழுத்துக் கட்டையை அமுக்கினால் பாதி வழியில் ஒரு சின்ன மறிப்பு, அதைத் தாண்டிய கணத்தில் 'டிக்'. எழுத்து விழுந்துவிட்டது என்று கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். விட்டால் மேலே வரும்போது இன்னொரு சின்ன 'டிக்'. வேகமாக அடித்தால் சருகுமேல் மழை பெய்வது போல இருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஸ்பிரிங் இருப்பதாகவும் அது மடங்குகிற சத்தம்தான் அதுவென்றும் விற்பனைக்காரர் சொன்னார்.

மேனேஜர் முகத்தைச் சுளித்து, "பீசிங்லா," என்றார். இரைச்சலாக இருக்கிறதாம். விற்பனைக்காரர் உடனே, சத்தமே வராத மாடலும் உண்டு, கொஞ்ச நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உப்பில்லாத குழம்பு நல்லது என்று சொல்கிறவனைப் பார்ப்பதுபோல அந்த ஆளைப் பார்த்தோம். அப்புறம் அக்கா உட்கார்ந்து அடித்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். என்னைப் போலவே அவரும் அந்தச் சத்தத்தில் விழுந்துவிட்டார் என்று தெரிந்தது. அந்த நிமிஷத்திலிருந்தே எனக்கு அவர்மேல் ஒரு பயம் வந்துவிட்டது.

ஏனென்றால் கம்ப்யூட்டர் ஒன்றுதான். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தர் அதற்குப் போகவேண்டும். இன்னொருத்தர் பழைய மிஷினோடு இருக்கவேண்டியதுதான். சம்பளத்தில் வித்தியாசம் இல்லை, வேலையும் பறிபோகாது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த 'டிக்' மட்டும்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்பமாட்டார்கள். நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது எனக்குக் கிடைக்காமல், அக்கா அதில் அடிப்பதைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிவந்தால் நான் வேலையை விட்டே போய்விடுவேன் என்று நினைத்தேன். அவ்வளவு ஆசை. மனுஷருக்கு ஆசைப்பட வேறொன்றும் இல்லாதபோது இப்படித்தான் ஆகும்போல.

மேனேஜர் நியாயமான மனுஷர். டெஸ்ட் வைத்துவிடலாம் என்றார். ஒரே கடிதம், பத்து நிமிஷம், எங்கள் பழைய மிஷின்களிலேயே. யார் நிறைய அடிக்கிறார், யாருக்குப் பிழை குறைவு என்று பார்ப்பது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் அடித்தால்தான் நியாயம் என்று அவர் நினைத்தார். டைப்பிங் தெரிந்தவர் யாரும் அப்படி வைக்கமாட்டார்கள்.

மேனேஜர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொடங்கினோம். அரை நிமிஷத்தில் வழக்கம்போல எங்கள் கைகள் சேர்ந்துகொண்டன. ஆனால் வரி முடிந்ததும் அக்கா உருளையை என்னைவிட வேகமாகத் தள்ளினார், அதனால் ஒவ்வொரு வரியிலும் அவர் மணி எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் விழுந்தது. முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. இப்படியே போனால் பத்தாவது நிமிஷத்தில் அவர் எங்கே இருப்பார், நான் எங்கே இருப்பேன் என்று கையை நிறுத்தாமலே என் மனம் கணக்குப் போட்டது. நான் ஒரு மயிரிழை தாமதித்தேன். உடனே இரண்டு எழுத்தைச் சடசடவென்று அடித்தேன்.

பக்கத்தில் 'கர்ரக்' என்றது.

நான் திரும்பவில்லை. அக்கா கம்பியைப் பிரிப்பது கேட்டது. மறுபடி தொடங்கினார். அவர் கை மறுபடி என் கையைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டது. கைக்கு என்ன தெரியும், பழகிய இடத்துக்குத்தான் வரும். முதல் தடவைக்கு நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம், பதற்றம், பழக்கதோஷம் என்று. இரண்டாவது தடவைக்கு ஒரு சாக்கும் இல்லை. அவர் ஒட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து செய்தேன். மூன்றாவது தடவையும் செய்தேன். அதற்குப்பிறகு தேவைப்படவில்லை. அவர் தாளமே கலைந்துபோய், எழுத்துகளைத் தேடித்தேடி அடிக்கிற புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டார்.

மேனேஜர் சிவப்புப் பென்சிலால் பிழைகளைச் சுழித்துக்கொண்டே போனார். அக்காவின் தாளில் சுழி அதிகம், என்னுடையதில் ஒன்றோ இரண்டோ. "சரி, நீதான்," என்று என்னைக் காட்டினார். அக்கா விரலில் ஒட்டிய மசியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று எழுந்துபோனார். வந்து, பாதியில் விட்டிருந்த கடிதத்தை மாட்டி அடிக்க ஆரம்பித்துவிட்டார். என்னிடம் முகம் சுளிக்கவில்லை. நான் செய்ததை உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் கண்டுபிடிக்க முடியும், அந்த ஆளும் கண்டுபிடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டேன்.

கம்ப்யூட்டருக்கென்று கண்ணாடி வைத்து ஒரு சின்ன அறை கட்டினார்கள். குளிர்சாதனம், தரையில் கம்பளம், செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கதவு எப்போதும் மூடியிருக்கவேண்டும். முதல் மாதம் நான் சொர்க்கத்தில் இருந்தேன். சரக்குப் பட்டியலை அடிப்பதற்குக்கூட அவ்வளவு சந்தோஷம். மாதத்துக்கு ஒருமுறை கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் சுத்தம் செய்வேன். விற்பனைக்காரர் சத்தமில்லாத கீபோர்டைக் கொண்டுவந்தபோது, அதைத் தொட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று மேனேஜரிடமே சொன்னேன். அவர் பயந்துபோய்த் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, ஒருநாள் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அறையில் ஏர்கான் இரைச்சல் மட்டும் இருந்தது. நான் அடித்தால் சத்தம் வந்தது, நிறுத்தினால் நின்றுபோனது. பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா அடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் போவது தெரிந்தது, உருளை நகர்வது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறார் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அத்தனை வருஷமும் அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை, எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா பேக்கிங் பகுதிப் பெண்களோடு உட்காரத் தொடங்கியிருந்தார். நான் போனால் இடம் விட்டு, "உக்காரு," என்பார். நெத்திலியும் கொடுப்பார். ஆனால் அந்தப் பெண்கள் ஓயாமல் பேசுவார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சொல்ல ஒன்றும் இருக்காது. நான் போவதை நிறுத்திக்கொண்டேன். பிறகு எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு ஆனபிறகும் வந்து ஒரு வார்த்தை கேட்கிறாரா பார், மூத்தவர்தானே கேட்கவேண்டும், என் இடத்தில் இருந்தால் அவர் மட்டும் விட்டுக்கொடுத்திருப்பாரா என்றெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் சண்டை போட்டேன். தப்புச் செய்தவளுக்கு இருக்கிற ரோஷம் மற்றவர்களுக்கு இருக்காது. வாரநாள்களும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆகிவிட்டன.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பிறகு அக்கா வேலையை விட்டார். சுங்கைப் பட்டாணியிலேயே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை, வீட்டுக்குப் பக்கம், பஸ் அலைச்சல் இல்லை. கடைசி நாள் மத்தியானம் கறிபாப்பும் தேத்தண்ணியும் வைத்தார்கள். மேனேஜர் ஒரு பெட்டி நிறையக் குவளைகள் கொடுத்தார். எல்லாரும் கலைந்தபிறகு நான் போய், "அக்கா, ஒரு தடவ உள்ள வந்து அடிச்சிப் பாருங்களேன்," என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து, முதுகை நேராக்கிக்கொண்டு, மனதில் வந்த ஏதோ கடிதத்தை அடிக்க ஆரம்பித்தார். 'டிக் டிக்' என்று அந்த ஸ்பிரிங்குகள் பேசின, ஆனால் தாளம் அவருடையது. அந்தக் கையை நான் ஒன்றரை வருஷமாகக் கேட்கவில்லை. அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், கொஞ்சம் களைத்திருந்தார், நாளை என்ற நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டது. என் விரல்கள் தாமாகவே பாவாடைமேல் தட்டிக்கொண்டிருந்தன. எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு டெஸ்ட்டுல... நான் வேணும்னேதான் செஞ்சேன்."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்லா," என்றார்.

"எப்போ தெரியும்?"

"அப்பவே. மொத தடவ கம்பி மாட்டுனப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல? மேனேஜர்கிட்ட சொல்லியிருந்தா மறுபடி டெஸ்ட் வச்சிருப்பாரே."

அப்போதுதான் கையை எடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன், கோபமே இல்லை.

"என்னான்னு போயி சொல்றது? இவ பக்கத்துல ஒக்காந்து தாளத்த மாத்தி அடிச்சி என்ன வுழ வச்சிட்டான்னா? சிரிப்பாங்க. சொன்னா புரிஞ்சிக்கிற ஆளு இந்த ஆபீசுலயே நீ ஒருத்திதான் இருந்தே."

சொல்லிவிட்டு எழுந்தார். அஞ்சரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குவளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.